மருத்துவ ஆய்வகத் தரக்கட்டுப்பாடு: சொற்கள் பிரிந்த வரலாறு

1. தோற்றுவாய்

குருதியில் உள்ள சர்க்கரை, யூரியா, ஈமோகுளோபின் முதலியவற்றை எண்ணால் அளந்து, அவ்வெண்ணைக் கொண்டு நோயையும் மருந்தளவையும் முடிவு செய்யும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மருத்துவமனைகளில் நிலைபெற்றது. அவ்வெண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்னும் வினா அதற்குப் பின்னரே வலுப்பெற்றது. அவ்வினாவுக்கு விடைகாணும் முயற்சியே இன்று தரக்கட்டுப்பாடு என வழங்கப்படுகிறது. இம்முயற்சியின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவோ புள்ளியியலின் வரலாறாகவோ எழுதப்பெறுகிறது. இக்கட்டுரை அதனைச் சொற்களின் வரலாறாக நோக்குகிறது. ஒரு சொல்லுக்குள் ஒட்டிக்கிடந்த இரு பொருள்கள் பிரித்தறியப்பட்டபோது ஆய்வக நடைமுறையும் தெளிவுபெற்றது. அப்பொருள்கள் தமிழாக்கத்தில் மீண்டும் ஒட்டிக்கொள்கின்றன என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட சிக்கல்.

2. எதிர்ச்சுவடியும் கட்டுப்பாடும்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பெல்க், சண்டர்மன் என்னும் மருத்துவர் இருவர், உட்கூறுகளின் அளவு முன்னரே அறியப்பட்ட மாதிரிகளை 59 மருத்துவமனை ஆய்வகங்களுக்கு அனுப்பி, அவை தந்த விடைகளைத் தொகுத்து 1947இல் வெளியிட்டனர். ஏற்கத்தக்க விடைகளைவிட ஏற்கத்தகாத விடைகளே மிகுதியாக இருந்தன. ஒரே குருதிக்கு ஓர் ஊரில் ஒரு நோயும் அடுத்த ஊரில் நலமும் கூறப்படும் நிலை இருந்தது என்பதே இதன் பொருள். (சண்டர்மன் 104 அகவை வரை வாழ்ந்து 2003இல் மறைந்தார். தாம் தொடங்கிவைத்த மாற்றம் உலகத் தரமுறையாக வளர்ந்ததைக் கண்ணாரக் காணும் பேறு அவருக்கு வாய்த்தது.) அவர்தம் கட்டுரைத் தலைப்பில் இடம்பெற்ற சொல் 'அக்யூரசி' என்பதாகும். அச்சொல்லுக்குப் பின்னர் வருவோம்.

தீர்வு மருத்துவத்திலிருந்து வரவில்லை. தொலைபேசித் தொழிலிலிருந்து வந்தது. பெல் தொலைபேசி நிறுவனத்தைச் சார்ந்த வால்டர் ஷூவார்ட் 1924இல் கட்டுப்பாட்டு வரைபடத்தை வகுத்தார். 1931இல் அதனை நூலாக விரித்துரைத்தார். உற்பத்தியில் காணும் வேறுபாடுகளைத் தற்செயற் காரணங்களால் வருவன, சுட்டிக்காட்டத்தக்க காரணங்களால் வருவன என அவர் இரண்டாகப் பகுத்தார். 1950இல் லீவி, ஜென்னிங்ஸ் ஆகியோர் இவ்வரைபடத்தை மருத்துவ ஆய்வகத்திற்குக் கொணர்ந்தனர். நாள்களைக் கிடைக்கோட்டிலும் அளவுகளை நிலைக்கோட்டிலும் இட்டு, நடுவே சராசரிக் கோடும் இருபுறமும் திட்டவிலக்க எல்லைகளும் வரையும் அப்படம் இன்றும் அவ்விருவர் பெயராலேயே வழங்குகிறது.

இங்குக் 'கண்ட்ரோல்' என்னும் சொல் கருதத்தக்கது. இதன் மூலம் இடைக்கால இலத்தீனத்தில் கணக்குச் சுருளுக்கு எதிராக வைக்கப்பட்ட மற்றொரு சுருளைக் குறித்தது. ஒருவர் எழுதும் கணக்கை மற்றொருவர் வைத்திருக்கும் எதிர்ச்சுவடியோடு ஒத்துப்பார்த்தலே இதன் முதற்பொருள். அடக்குதல், ஆளுதல் என்னும் பொருள்கள் பின்னர் வந்தவை. ஷூவார்ட் இச்சொல்லுக்கு மூன்றாவதாக ஒரு பொருளைத் தந்தார். ஒரு நிகழ்வு எவ்வெல்லைக்குள் மாறும் என்பதைப் பட்டறிவு கொண்டு முன்னுரைக்க இயலுமாயின் அது 'கண்ட்ரோலில்' உள்ளது என்றார். இங்குக் கட்டுப்படுத்துவோர் எவரும் இலர். முன்னறியத்தக்க நிலை மட்டுமே உண்டு.

தமிழில் இம்மூன்றும் 'கட்டுப்பாடு' என்னும் ஒரே சொல்லால் பெயர்க்கப்படுகின்றன. கட்டுப்பாட்டு ஊநீர் என்று எழுதினால் அது எதைக் கட்டுப்படுத்துகிறது என்னும் வினா எழுதல் இயல்பே. அது எதனையும் கட்டுப்படுத்துவதில்லை. நோயாளியின் மாதிரியோடு உடன்வைத்து அளக்கப்பெறும் எதிர்ச்சுவடி அது. ஆதலின் 'ஒப்புநோக்கு ஊநீர்' எனலே பொருந்தும். ஆய்வகத்தில் பணிபுரிவோர் 'கண்ட்ரோல்' என்றே கூறுகின்றனர். தவறான தமிழ்ச்சொல்லைவிட அது மேல் என்பது என் கருத்து.

ஆங்கிலத்திலும் இத்தெளிவு உடனே வந்துவிடவில்லை. லீவி, ஜென்னிங்ஸ் முதலில் நோயாளிகளின் மாதிரிகளையே இருமுறை அளந்தனர். மாறாத ஒரு பொதுமாதிரியை நாள்தோறும் அளந்து, ஒவ்வோர் அளவையும் நேரே படத்தில் குறிக்கும் முறையை 1952இல் ஹென்றி, செகலோவ் ஆகியோர் முன்வைத்தனர். தம் கட்டுரைத் தலைப்பில் அவர்கள் அம்மாதிரியை 'ஸ்டாண்டர்டு' என்றே குறித்தனர். கருவியை அளவுக்கு நிறுத்தப் பயன்படும் படித்தரம் வேறு, நிறுத்திய கருவி சரியாக அளக்கிறதா எனச் சோதிக்கும் எதிர்ச்சுவடி வேறு என்னும் பாகுபாடு சொல்லளவில் அன்று உறுதிப்படவில்லை. இரண்டிற்கும் ஒரே பொருளைப் பயன்படுத்தினால் கணக்கெழுதியவரே தணிக்கையும் செய்ததாகிவிடும். இன்றைய நடைமுறை இவ்விரண்டையும் பிரித்தே வைக்கிறது.

3. துல்லியம் எனும் ஒரு சொல்

இரண்டு திட்டவிலக்க எல்லையைத் தாண்டியதும் அளவை நிறுத்திவிடுவது பல ஆய்வகங்களின் வழக்கம். இதில் ஓர் இடர் உண்டு. எக்குறையும் இல்லாதபோதே 100 முறைக்கு ஏறத்தாழ 5 முறை ஒப்புநோக்கு மாதிரி அவ்வெல்லையைத் தாண்டும். ஒரு தொகுதியில் இரண்டு மாதிரிகள் வைத்தால் இது ஏறத்தாழ 9 முறையாகும். பொய்யெச்சரிக்கை மிகுந்தால் மெய்யெச்சரிக்கையும் மதிப்பிழக்கும். 1981இல் ஜேம்ஸ் வெஸ்ட்கார்டும் அவர்தம் குழுவினரும் பல விதிகளை இணைத்துப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டனர். இரண்டு திட்டவிலக்கத்தைத் தாண்டுதல் அதில் எச்சரிக்கை மட்டுமே. அதன்பின் பிற விதிகள் நோக்கப்படும். மூன்று திட்டவிலக்கத்தைத் தாண்டுதலும், ஒரே தொகுதியில் ஒன்று மேலாகவும் ஒன்று கீழாகவும் நான்கு திட்டவிலக்க அளவுக்கு விலகி நிற்றலும் சிதறலைக் காட்டும். அடுத்தடுத்து இரண்டு அளவுகள் ஒரே பக்கத்தில் இரண்டு திட்டவிலக்கத்தைத் தாண்டுதலும், தொடர்ந்து பத்து அளவுகள் சராசரியின் ஒரே பக்கத்தில் விழுதலும் பெயர்ச்சியைக் காட்டும். முன்னது தற்போக்குப் பிழை. பின்னது முறைசார் பிழை. காரணமும் மருந்தும் இரண்டிற்கும் வெவ்வேறு. உறிஞ்சுகுழாயின் தளர்ச்சி முன்னதற்கும், கெட்டுப்போன படித்தரக் கரைசல் பின்னதற்கும் எடுத்துக்காட்டாகும்.

இப்பாகுபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். வெறும்வயிற்றுக் குருதிச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தால் நீரிழிவு எனக் கொள்ளும் எல்லையை அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 1997இல் வகுத்தது. ஒருவர்க்கு உள்ள அளவு 130 என்க. ஓர் ஆய்வகம் 121, 122, 121 என அளக்கிறது. மற்றோர் ஆய்வகம் 122, 138, 130 என அளக்கிறது. முதல் ஆய்வகத்தின் விடைகள் தம்முள் ஒத்துள்ளன. ஆயினும் நோயுள்ளவர் நோயிலர் எனத் திருப்பி அனுப்பப்படுகிறார். எத்தனைமுறை மீட்டளந்தாலும் அதே விடையே வரும் என்பதால் ஐயமும் எழாது. இரண்டாம் ஆய்வகத்தின் சராசரி சரி. ஆனால் நோயாளிக்குக் கிடைப்பது சராசரியன்று, ஏதேனும் ஓர் அளவு. இவ்விரண்டு ஆய்வகங்களையும் 'துல்லியம் அற்றவை' என்று மட்டும் சொல்லும் மொழி, எவ்வாய்வகம் எதனைத் திருத்த வேண்டும் என்பதைச் சொல்லாது.

ஆங்கிலம் நெடுங்காலம் 'அக்யூரசி', 'பிரிசிஷன்' என்னும் இரண்டு சொற்களால் இவற்றைக் குறித்து வந்தது. இவற்றுள் முன்னது சராசரியின் சரிமையையும் ஒட்டுமொத்தச் சரிமையையும் மாறிமாறிக் குறித்தது. 1994இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 5725 தரமுறை 'அக்யூரசி' என்பதைப் பொதுச்சொல்லாக உயர்த்தி, அதன்கீழ் 'ட்ரூனெஸ்', 'பிரிசிஷன்' என்னும் இரண்டை வைத்தது. 'பயஸ்' என்னும் சொல் இருக்கப் புதுச்சொல் எதற்கு என்பார்க்கு அத்தரமுறையே விடை கூறுகிறது: 'பயஸ்' என்பதை மருத்துவத் துறையினரும் சட்டத் துறையினரும் ஏற்கத் தயங்கினர், எனவே உடன்பாட்டுப் பொருளில் ஒரு சொல் ஆக்கப்பட்டது. ஒருதலைச் சார்பு என்னும் பழிப்பொருள் ஒரு கலைச்சொல்லையே பின்தள்ளியமைக்கு இது நல்ல சான்று. பிரெஞ்சு மொழிக்கு இத்தொல்லை இல்லை. ழுஸ்தெஸ், பிதெலித்தே, எக்ஸாக்தித்யூத் என மூன்று வழக்குச் சொற்கள் அதற்கு உண்டு. அவற்றுள் நடுவணது மாறாப் பற்றுறுதி என்னும் பொருளது.

தமிழில் 'துல்லியம்' வடமொழித் 'துல்ய' என்பதன் வழிவந்தது. ஒப்பு என்பதே மூலப்பொருள். துலை என்னும் சொல்லோடு உறவுடையது. பொதுச்சொல்லாக நிற்க அதற்குத் தகுதி உண்டு. பாடநூல்களில் 'துல்லியத்தன்மை', 'நுட்பம்' என்னும் இணை காணப்படுகிறது. நுட்பம் என்பது நுண்மையையும் தொழில்திறனையும் உணர்த்துமேயன்றி, அளவுகள் தம்முள் ஒத்திருத்தலை உணர்த்தாது. 'செறிவு' எனலாமெனின், கரைசலின் செறிவு என அது வேதியியலில் முன்னரே வழங்குகிறது. ஆகவே பிரெஞ்சுச் சொல்லின் நெறியில் 'மாறாமை' எனலாம்.

'ட்ரூனெஸ்' என்பதற்கு 'மெய்ம்மை' என ஆக்குவது எளிது, ஆனால் ஏற்றதன்று. 2008இல் வெளிவந்த அளவையியல் பன்னாட்டுச் சொற்றொகையின் மூன்றாம் பதிப்பு, 'அக்யூரசி'யை மெய்மதிப்போடு தொடர்புபடுத்தி வரையறுக்கிறது. 'ட்ரூனெஸ்' என்பதையோ மேற்கோள் மதிப்போடு மட்டுமே தொடர்புபடுத்துகிறது. பெயரில் மெய்யுடைய சொல்லின் வரையறையில் மெய் இல்லை! நடைமுறையும் இதற்கு ஒத்ததே. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, இந்திய மருத்துவ உயிர்வேதியியலார் சங்கத்தின் சார்பில் நடத்தும் புறத் தர மதிப்பீட்டுத் திட்டத்தில், ஓர் ஆய்வகத்தின் விடை அதே முறையைப் பின்பற்றும் பிற ஆய்வகங்களின் சராசரியோடு ஒப்பிடப்படுகிறது. அச்சராசரி ஒப்புக்கொண்ட மதிப்பேயன்றி மெய்யன்று. எல்லா ஆய்வகங்களும் ஒரே பக்கம் சாய்ந்தால் அச்சாய்வு அங்குப் புலப்படாது.

இவற்றைக் கருதி, 'ட்ரூனெஸ்' என்பதற்குச் 'செம்மை' என்றும் 'பயஸ்' என்பதற்குக் 'கோட்டம்' என்றும் கொள்ளலாம். செங்கோல், கொடுங்கோல் என எதிரிணையாக வழங்கிய சொற்களின் வழிவந்தவை இவை. திருக்குறளின் நடுவு நிலைமை அதிகாரத்தில் துலாக்கோலின் உவமையோடு கோடாமை பேசப்படுதல் அறிஞர் அறிந்ததே. வளைவு, ஒருதலைச் சார்பு ஆகிய இரண்டும் 'கோட்டம்' என்பதில் உண்டு. வள்ளுவர் கோட்டம் நினைவுக்கு வந்து குழப்புமே எனின், சூழல் அதனை விலக்கிவிடும்.

4. மேம்பாடு

டெமிங் 1950இல் சப்பானில் ஆற்றிய உரைகளிலிருந்து அந்நாட்டார் நால்நிலைச் சுழற்சி ஒன்றை வகுத்துக்கொண்டனர்: திட்டமிடல், செய்தல், 'செக்', செயற்படல். டெமிங் 'செக்' என்பதை ஏற்கவில்லை. தடுத்து நிறுத்துதல் என்னும் பொருள் ஆங்கிலத்தில் அதற்கு உண்டு என்றார். 'ஆராய்தல்' என்னும் பொருளுடைய 'ஸ்டடி' என்பதையே வலியுறுத்தினார். 'கைசென்' என்பதும் சப்பானியத்தில் மேம்பாடு என்னும் அன்றாடச் சொல்லே. இடையறாமை என்னும் பொருள் அச்சொல்லில் இல்லை. மசாகி இமாய் 1986இல் வெளியிட்ட நூலுக்குப் பின் மேலாண்மை ஆங்கிலம் அதில் ஏற்றியது அது.

மருத்துவ ஆய்வகங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 15189 முதன்முதலில் 2003இல் வெளிவந்தது. 2022இல் நான்காம் பதிப்பு வந்தது. அப்பதிப்புகளில் உள்ள தொடர் 'கண்டினியுவல் இம்ப்ரூவ்மெண்ட்' என்பதாகும், 'கண்டினியுவஸ்' என்பதன்று. முன்னது விட்டுவிட்டு மீளமீள நிகழ்வது. பின்னது இடைவிடாது ஓடுவது. 'தொடர் மேம்பாடு' என்னும் தமிழ் வழக்கு இரண்டிற்கும் இடந்தருகிறது. 'இடையறாத மேம்பாடு' என்று பெயர்ப்பின், தரமுறை கேட்காத ஒரு கடமை ஆய்வகத்தின்மேல் சுமத்தப்படும். தணிக்கையாளர் ஒவ்வொரு நாளின் மாற்றத்திற்கும் சான்று கேட்க அது வழிவகுக்கும். தரமுறை வேண்டுவது, குறித்த காலத்திற்கு ஒருமுறை ஏடுகளை ஆராய்ந்து, கண்ட குறையைத் திருத்தி, திருத்தம் பயன்தந்ததா என மீண்டும் நோக்குதலே. 'மீளமீள மேம்படுத்தல்' எனின் அப்பொருள் கிட்டும்.