இறக்கம்தானே என்று கிளம்பியவர்கள்

கிரீட் தீவின் மேற்குப் பகுதியில் உள்ள ஹானியா நகரத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பும் பேருந்துகளில் தம்பதிகள் நிறைய. கடலுக்காகவும் வெயிலுக்காகவும் தீவுக்கு வந்து, விடுமுறையில் ஒரு நாளை மட்டும் நடைக்கென்று ஒதுக்கியவர்கள். சமாரியா மலையிடுக்கு வழியாகக் கடல்வரை 16 கிலோமீட்டர், அதுவும் ஏறக்குறைய முழுக்க இறக்கம் என்று கேட்டதும் இருவரும் உடனே தலையாட்டிவிடுகிறார்கள். ஏற்றமில்லாத நடையில் அப்படியென்ன சிரமம் இருந்துவிடப் போகிறது?

சிரமம் முதல் ஒரு மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். ஓமாலோஸ் மேட்டுநிலத்தின் விளிம்பில், சுமார் 1,230 மீட்டர் உயரத்தில் பாதை தொடங்குகிறது. அந்த இடத்துக்கு ஸிலோஸ்காலோ என்று பெயர். அங்கிருந்து பாதை வளைந்து வளைந்து, செங்குத்தான சரிவில் கீழே விழுகிறது என்றே சொல்லலாம். கடலை எட்டுவதற்குள் இழக்க வேண்டிய உயரத்தில் பாதி, முதல் சில கிலோமீட்டர்களிலேயே போய்விடுகிறது. ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது அடி முழுக்க முழங்காலுக்கு. ஒவ்வொரு எட்டிலும் உடம்பின் கனத்தைத் தொடைத் தசைதான் பிடித்து நிறுத்துகிறது. நீண்டுகொண்டே இறுக வேண்டிய இந்த வேலை தசை நார்களை நுண்ணிய அளவில் கிழிக்கும். வலி அன்றைக்கே முழுதாகத் தெரியாது. மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் உச்சத்துக்குப் போகும். விடுதி மாடிப்படியைக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்பக்கமாக இறங்குகிறவர்கள் சமாரியா போய் வந்தவர்கள்தான்.

சரிவு முடிந்ததும் சமதளம் வருகிறதா என்றால், கூழாங்கல் வருகிறது. ஆற்றுப்படுகையிலேயே பாதை ஓடுவதால் உருண்டையான வெள்ளைக் கற்கள் காலடியில் புரண்டுகொண்டே இருக்கும். ஓடையை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகப் பலமுறை தாண்ட வேண்டும். பூங்காவின் கீழ்வாசல் 13-வது கிலோமீட்டரில். அப்பாடா என்று வெளியே வந்தால், கடலோரத்து அயியா ருமேலிக்கு நிழல் குறைந்த 3 கிலோமீட்டர் இன்னும் மிச்சம். அந்த ஊருக்குச் சாலை கிடையாது. மாலைப் படகைத் தவறவிட்டால் இரவு அங்கேதான்.

இத்தனை கடுமையும் நடக்க வருகிறவர்களைச் சோதிப்பதற்காக ஏற்பட்டதில்லை. இந்தப் பாதையை யாரும் உல்லாசத்துக்காக வெட்டவும் இல்லை. இது ஒரு ஊரின் தெருவாக இருந்தது. கரடுமுரடாக இருந்ததால்தான் அந்த ஊர் நூற்றாண்டுக் கணக்கில் பிழைத்தது. சமாரியாவின் கதையில் முக்கியமானது இதுதான். வழிகாட்டிப் புத்தகங்கள் காட்டாட்டையும் பாறைச் சுவர்களையும் பற்றி எழுதும் அளவுக்கு இதை எழுதுவதில்லை என்பது பெரிய குறை.

மலையிடுக்கின் கடல் வாசலில் பழங்காலத்தில் தார்ரா என்ற நகரம் இருந்தது. பைத்தான் என்ற நாகத்தைக் கொன்ற அப்பல்லோ தெய்வம், அந்தக் கொலைத் தீட்டைக் கழித்துக்கொள்ள கார்மானோர் என்பவரிடம் வந்த இடம் தார்ரா என்று கிரேக்கப் புராணம் சொல்கிறது. ரோமானியர் காலத்தில் அங்கே கண்ணாடிப் பொருள்களும் செய்யப்பட்டன. மேலே காடு முழுக்க சைப்ரஸ் மரங்கள். வைரம் பாய்ந்த, எளிதில் உளுத்துப்போகாத மரம் என்பதால் கிரீட்டின் சைப்ரஸுக்குப் பண்டைக்காலம் தொட்டே வெளியூர்களில் கிராக்கி. வெனிஸ்காரர்கள் தீவை ஆண்டபோதும் அது குறையவில்லை. மலையிடுக்கின் நடுவே, ஏழாவது கிலோமீட்டருக்குப் பக்கத்தில், சமாரியா கிராமம் அமைந்தது. எகிப்தின் புனித மரியாளுக்கு அங்கே ஒரு சிறிய கோயில் இருக்கிறது. 1379-ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்தக் கோயிலின் பெயரிலிருந்துதான் ஊருக்கும் பெயர் வந்தது.

ஆடு மேய்ப்பதும் மரம் வெட்டுவதும் தேனீ வளர்ப்பதுமாக அந்த ஊர் வாழ்ந்தது. மேட்டுநிலத்துக்கு ஏறிப்போக அந்த மக்கள் மரத்தடிகளைப் பாறையில் பொருத்திப் படிபோல் அமைத்திருந்தார்கள். இன்று கைப்பிடி வேலியோடு இருக்கும் ஸிலோஸ்காலோ பாதைக்கு அதுதான் மூலம். மேய்ப்பர்கள் ஊன்றுகோலை அம்பெலிட்சியா என்ற மரத்தில் செய்துகொண்டார்கள். அது கிரீட் மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத மரம். காலில் முழங்கால்வரை வரும் தோல் பூட்ஸ். கையில் கோலும் காலில் பூட்ஸும் இல்லாமல் அந்தக் கூழாங்கற்களில் அவர்கள் நடந்ததில்லை. இன்று ரப்பர் செருப்போடு வருகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்.

பதினோராவது கிலோமீட்டர் வாக்கில் வருகிறது 'வாசல்' என்று அழைக்கப்படும் இடம். இருபுறமும் சுமார் 300 மீட்டர் உயரத்துக்குப் பாறை எழுந்து நிற்க, நடுவில் இடைவெளி 4 மீட்டருக்கும் குறைவாகச் சுருங்குகிறது. ஓடை அந்த அகலத்தையும் எடுத்துக்கொள்வதால் மரப்பலகைப் பாலத்தில்தான் கடக்க வேண்டும். படமெடுக்க எல்லோரும் நிற்கும் இடம். 1770-இல் இங்கே நின்றவர்கள் கையில் துப்பாக்கி இருந்தது.

அந்த ஆண்டு ஸ்ஃபாக்கியா வட்டாரத்துக் கப்பல் முதலாளி தாஸ்கலோயானிஸ், ரஷ்ய உதவியை நம்பி ஒட்டோமன் ஆட்சிக்கு எதிராகக் கிளம்பினார். உதவி வரவில்லை. ஊர்கள் எரிந்தன. பெண்களும் குழந்தைகளும் சமாரியாவுக்குள் அடைக்கலம் புகுந்தார்கள். யானிஸ் பொனாட்டோஸ் தலைமையில் ஒரு சிறு கூட்டம் வாசலை மறித்து நின்று துருக்கிப் படையைத் திருப்பி அனுப்பியதாக அந்த வட்டாரத்தில் இன்றும் பேசுகிறார்கள். அந்த அகலத்தைப் பார்த்தவர்களுக்கு அதை நம்புவது கஷ்டமில்லை. தாஸ்கலோயானிஸ் சரணடைந்தார், 1771-இல் ஹெராக்ளியோனில் அவரை உயிரோடு தோலுரித்துக் கொன்றார்கள். 1866-இல் வெடித்த பெரிய கிளர்ச்சியிலும் குடும்பங்கள் ஒளிந்துகொள்ள இதே மலையிடுக்குதான் கைகொடுத்தது. அயியா ருமேலிக்கு மேலே, மலைமுகட்டில் இடிந்து நிற்கும் துருக்கிக் கோட்டை அந்தக் காலத்தின் மிச்சம்.

1941 மே 20 அன்று ஜெர்மன் படை பாராசூட்டில் கிரீட்டில் இறங்கியது. அப்போது கிரேக்க மன்னர் இரண்டாம் ஜார்ஜ் ஹானியாவுக்கு அருகில் தங்கியிருந்தார். நியூசிலாந்து வீரர்கள் காவலுக்கு வர, அவரும் பிரதமர் சுடெரோஸும் வெள்ளை மலைகளைக் கடந்து தெற்குக் கடற்கரைக்கு நடந்தார்கள். குளிரில் மலைமேல் இரவுகளைக் கழித்து அயியா ருமேலியை அடைந்து, அங்கிருந்து 'டிகாய்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் அலெக்சாண்டிரியாவுக்குத் தப்பினார்கள். அரசனானாலும் அந்த மலைகளில் வேறு வழி இல்லை. நடந்துதான் ஆக வேண்டும்.

இத்தனை படைகளும் காலி செய்ய முடியாத சமாரியாவை 1962-இல் ஒரு சட்டம் காலி செய்தது. கிரி-கிரி என்ற காட்டாட்டைக் காப்பதற்காக மலையிடுக்கு முழுவதும் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஊர்மக்கள் வெளியேற வேண்டியதாயிற்று. ஆடு பிழைத்தது; அது நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனால் அந்த ஆட்டோடு தலைமுறை தலைமுறையாக ஒரே மலையைப் பங்குபோட்டு வாழ்ந்த மனிதர்களுக்கு அங்கே இடமில்லை என்று ஆனது, இன்றைக்கு யோசித்தாலும் நெஞ்சை உறுத்தும் முடிவு.

இப்போது அந்த வீடுகளில் சில சீர்செய்யப்பட்டு நிற்கின்றன. பூங்காக் காவலர்களும் அங்கே இருக்கிறார்கள். நடக்க முடியாமல் போனவர்களைச் சுமந்துபோகக் கோவேறு கழுதைகளும் உண்டு. நுழைவுச் சீட்டைக் கீழ்வாசலில் மறுபடி கேட்பார்கள். உள்ளே யாரும் இரவில் சிக்கிக்கொள்ளவில்லை என்று உறுதிசெய்யத்தான். மே முதல் அக்டோபர்வரைதான் பாதை திறந்திருக்கும். குளிர்காலத்தில் ஓடை பெருகினால் வாசலில் மனிதன் நிற்க முடியாது. கோடையிலும் மழை வரும்போலிருந்தால் மூடிவிடுவார்கள்.

முழங்காலுக்குப் பயந்தவர்களுக்குச் சுருக்கு வழி ஒன்று இருக்கிறது. படகில் அயியா ருமேலிக்கு வந்து, அங்கிருந்து வாசல்வரை ஏறிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம். ஆனால் சமாரியா கிராமம் வாசலுக்கும் மேலே நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சுருக்கு வழியில் வருகிறவர்கள் பாறையைப் பார்க்கிறார்கள், ஊரைப் பார்ப்பதில்லை. வயதும் உடம்பும் இடம்கொடுத்தால், நல்ல பூட்ஸ் மாட்டிக்கொண்டு, மேலிருந்தே இறங்குவதுதான் சரி. கிராமத்துக்கு வந்து சேரும்போது கால் நடுங்கிக்கொண்டிருக்கும். அரை மணி நேரம் உட்கார்ந்து அந்த வீடுகளைப் பார்க்க அதைவிட நல்ல காரணம் வேண்டாம்.