காந்தமும் காலும்



தளவாய்புரத்தில் என் பெரியப்பா தறி நெய்தவர். முதுமையில் சிறிது தூரம் நடந்தாலே அவருக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும்; நின்றால் வலி தணியும். தெருவில் விற்றவரிடம் காந்தப் பட்டை ஒன்றை வாங்கிக் காலில் கட்டிக்கொண்டார். "இரத்தத்தில் இரும்பு இருக்கிறதல்லவா? காந்தம் அதை இழுத்து ஓடச் செய்யும்" என்பார். அந்த நம்பிக்கையின் வரலாற்றைத் தேடலானேன்.

மருத்துவத்திற்குக் காந்தம் புதியதன்று. உடலில் தைத்த அம்பின் இரும்பு முனையைக் காந்தக்கல்லால் எடுப்பதைச் சுசுருத சங்கிதை கூறுகிறது. சித்த மருத்துவர் காந்தத்தைப் புடமிட்டுச் செந்தூரமாக்கினர்.

மேனாட்டில் மெஸ்மர் என்னும் மருத்துவர் 1774-இல் வியன்னா நகரில் காந்தத்தால் நோய் தீர்க்க முயன்றார். பின்னர் அதையும் விடுத்து, தம் உடலிலிருந்தே ஒரு காந்த ஆற்றல் பாய்வதாகக் கூறினார். பாரிஸ் நகரமே அவரை நாடிற்று. 1784-இல் பதினாறாம் லூயி மன்னர் ஒரு குழுவை அமைத்தார். பெஞ்சமின் பிராங்கிளினும் லவாசியேயும் அதில் இருந்தனர். அவர்கள் நோயாளரின் கண்களைக் கட்டிச் சோதித்தனர். ஆற்றல் பாய்வதாகப் பொய் சொன்னபோது நோயாளர் துடித்தனர்; சொல்லாமற் செலுத்தியபோது ஒன்றும் உணரவில்லை. இது கற்பனையின் வேலை என்று குழு முடிவு செய்தது.

அப்படியானால் இரத்தத்திலுள்ள இரும்பு என்ன ஆயிற்று? இதற்கு விடை, அளந்து பார்ப்பதில் உள்ளது. நம் பக்கத்து வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், டாக்காவில் பணியாற்றுகையில் படிகங்களை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, காந்தப்புலத்தில் அவை திரும்புவதை நுட்பமாக அளந்தார். காந்தத்தில் ஒட்டாத பொருளும் மிகச் சிறிதளவு ஈர்க்கப்படும், அல்லது விலக்கப்படும். இரத்தத்தின் செந்நிறப் பொருளை 1936-இல் அமெரிக்காவில் பாலிங்கும் காரியலும் ஆராய்ந்தனர். பிராணவாயு ஏற்ற நிலையில் அதைக் காந்தம் இழுப்பதில்லை, சற்றே விலக்குகிறது! அதிலுள்ள இரும்பு ஆணியின் இரும்பைப் போன்றதன்று. காந்தப் பட்டை காலின் இரத்த ஓட்டத்தைப் பெருக்கும் என்பதற்கு இன்றுவரை உறுதியான சான்று இல்லை.

பட்டையை நம்பிப் பெரியப்பா ஓராண்டைக் கழித்தார். கால்விரலில் வந்த புண் ஆறவில்லை. இறுதியில் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் பாதத்து நாடியைத் தொட்டுப் பார்த்தார், துடிப்பு இல்லை. இரத்தக் குழாய் அடைபட்டிருந்தது. அவர் பட்டையைக் கழற்றச் சொல்லவில்லை. பீடியை விடச் சொன்னார். மருந்து தந்தார், புண் ஆறியபின் நாள்தோறும் நடக்கச் சொன்னார். பெரியப்பா ஒரு விரலை இழந்தார், கால் தப்பியது.

காந்தம் அவருக்குத் தீங்கு செய்யவில்லை. காலந்தாழ்த்தியதே தீங்கு செய்தது. நண்பர்களே, எதையும் நம்புமுன் ஒருமுறை கண்ணைக் கட்டிச் சோதித்துப் பாருங்கள்.