ரேகை

போன வாரம் யூரியா வாங்கப் போனேன். இப்பல்லாம் உரக்கடையில ஆதார் நம்பரைச் சொல்லி, சின்ன மிஷின்ல பெருவிரலை வச்சாத்தான் மூட்டை. எனக்கு மூணு தடவை வச்சும் ரேகை விழல. மம்பட்டி பிடிச்ச கை, தேஞ்சு போச்சு. கடைக்காரர் துணியைக் கொடுத்து, "துடைச்சுட்டு அழுத்தி வைங்கண்ணே" என்றார். நாலாவது தடவை விழுந்துச்சு.

பக்கத்துல நின்ன பெரியவர் சிரிச்சார். "ஏப்பா, இந்த ரேகையைக் கேட்டு வந்தப்பத்தானே பெருங்காமநல்லூர்ல சுட்டான்?"

எங்க உசிலம்பட்டிப் பக்கம் வயசானவங்களுக்கு இது தெரியும். பட்டணத்துல இருக்கிறவங்களுக்காகச் சொல்றேன். 1871-ல வெள்ளைக்காரன் வடக்கே குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தான். 1911-ல அதைத் திருத்தி சென்னை மாகாணத்துக்கும் நீட்டினான். எங்க பக்கத்துப் பிரமலைக் கள்ளர் மாதிரி சில சாதியில பிறந்தாலே குற்றவாளி. ஆம்பளைங்க பேரைப் பதிஞ்சு ரேகை எடுப்பாங்க. ராத்திரி ஸ்டேஷன்லயோ சாவடியிலயோ போய்ப் படுக்கணும். வெளியூர் போகச் சீட்டு வாங்கணும். ஜனங்க அதுக்கு வச்ச பேரே ரேகைச் சட்டம்தான். 1920 ஏப்ரல் 3-ம் தேதி பெருங்காமநல்லூர்ல பதிய வந்தாங்க. ஊர் மறுத்துச்சு. சுட்டதுல 16 பேர் செத்தாங்க. மாயக்காள்னு ஒரு பொம்பளையும் அதுல உண்டு. அந்தச் சட்டம் ஒழிய 1947 ஆச்சு.

அதுவும் இதுவும் ஒண்ணான்னு கேப்பீங்க. ஒண்ணில்லதான். அவன் நம்மளைக் காவல் காக்க எடுத்தான், இவங்க அரிசிக்கும் மானியத்துக்கும் எடுக்கிறாங்க. 2010 செப்டம்பர்ல மகாராஷ்டிராவுல தெம்பிளிங்கிற பழங்குடி ஊர்லதான் ஆதாரைத் தொடங்கினாங்க. எங்க ஊருக்கு வந்தப்போ நானும் வரிசையில நின்னு பத்து விரலையும் கண்ணையும் கொடுத்தேன். எதுக்குன்னு ஒருத்தரும் கேக்கல. சிட்டாவுக்காக மூணு நாள் அலைஞ்சவன் நான். இன்னைக்கு அது போன்லயே வருது. அதை வேண்டாம்னு சொல்ல மனசு வருமா?

2017 ஆகஸ்ட் 24-ல சுப்ரீம் கோர்ட்டில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சொன்னாங்க. ஆதாரை எதிர்த்து வழக்குப் போட்டவர் புட்டசாமிங்கிற ஓய்வுபெற்ற நீதிபதி. மறு வருசம், ஆதார் செல்லும், ஆனா சிம்முக்குக் கட்டாயமாக்கக் கூடாதுன்னு தீர்ப்பு. பேப்பர்ல படிச்சு மகன்கிட்ட விளக்கமா சொன்னவன் நான்தான். அப்புறம் சிம் வாங்கப் போன இடத்துல, "விரலை வைங்க சார், ரெண்டு நிமிசம்"னாங்க. வேற அட்டை காட்டலாமான்னு கேட்டிருக்கலாம். வெயில், பின்னால ஆள் நிக்குது. வச்சிட்டேன்.

உரக்கடையில அந்தப் பெரியவரும் ரெண்டு மூட்டை வாங்கினார். அவருக்கு முதல் தடவையே விழுந்துருச்சு.