மூவாயிரம் அட்டைகள்

அம்பாசமுத்திரம் பக்கம் கார் அறுவடை. வயலில் முளையடித்து, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் நிற்கும் நெல்லை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி நிறுப்பார்கள். அறுவடைப் பரிசோதனை. கன்னடியன் கால்வாயின் தலைமடையில் நாலு வயல், கடைமடையில் நாலு வயல் நிறுத்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். தலைமடைச் சராசரி இரண்டு கிலோ கூடுதல். தண்ணீர் செய்த வேலையா, தற்செயலா?

நாலைந்து அளவை வைத்துக்கொண்டு இப்படித் திண்டாடியவர் ஒரு பீர் ஆலைக்காரர். வில்லியம் காசெட், 1899-ல் டப்ளின் கின்னஸ் ஆலையில் சேர்ந்த வேதியியல் பட்டதாரி. பார்லி ரகங்களை ஒப்பிட வேண்டும். சோதனை வயல்களோ சொற்பம். அன்றைய புள்ளியியல் நூற்றுக்கணக்கில் அளவுகள் கேட்டது. 1906-ல் லண்டன் போய் புள்ளியியலாளர் கார்ல் பியர்சனிடம் ஓராண்டு இருந்தார்.

சிறு மாதிரிகளுக்கென்று உருவாக்கிய சூத்திரத்தைச் சரிபார்க்க அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்த கட்டம். 3,000 கைதிகளின் உயரத்தையும் இடக்கை நடுவிரல் நீளத்தையும் 3,000 அட்டைகளில் எழுதினார். நன்றாகக் கலைத்தார். நாலு நாலாக எடுத்தார். 750 குட்டி மாதிரிகள்! ஒவ்வொன்றின் சராசரியும் எவ்வளவு தடம் புரள்கிறது என்று கையாலேயே கணக்குப் போட்டார். 1908-ல் 'பயோமெட்ரிகா' இதழில் கட்டுரை வந்தது. ஊழியர்கள் சொந்தப் பெயரில் எழுத ஆலை விடாததால், 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில். இரு குழுக்களின் சராசரியை எதிரெதிரே நிறுத்தும் வடிவத்தை 1920-களில் ரொனால்ட் ஃபிஷர் கொடுத்தார். அதுதான் டி-சோதனை.

வித்தியாசத்தை, வயலுக்கு வயல் உள்ள ஏற்ற இறக்கத்திலிருந்து வரும் திட்டப் பிழையால் வகுக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் வயல் இருந்தால், தற்செயல் அல்ல என்று சொல்ல விடை 1.96-ஐத் தாண்டினால் போதும். நாலுக்கு நாலு என்றால் 2.45-ஐத் தாண்ட வேண்டும். நம் இரண்டு கிலோவுக்குத் திட்டப் பிழை அரைக் கிலோ என்றால் விடை 4, தண்ணீரைச் சந்தேகிக்கலாம். ஒரு கிலோ என்றால் 2, வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் காசெட்டின் அட்டைகள் கலைந்தவை. வயல்கள் அப்படியல்ல, ஒரே மடைத் தண்ணீர் குடித்த பக்கத்து வயல்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே விளையும். இந்த ஒட்டுறவுக்குக் கணக்கு வைத்தவர் லெஸ்லி கிஷ், 1965-ல் வந்த தன் நூலில். ஊருக்குப் பத்தாக 20 ஊரில் 200 வயல் அறுத்தாலும், ஊருக்குள் ஒட்டுறவு 0.2 இருந்தால், அது சுமார் 71 தனித்தனி வயலுக்குத்தான் சமம். ஊருக்கு ஐந்தாக 40 ஊர் போனால் அதே 200 வயல் 111 ஆகும். ஜீப்புக்கு டீசல் யார் போடுவது என்பது வேறு விஷயம்.