மாண்டலின் ஸ்ரீநிவாஸ், பி.பி. கிங்: பதிவான கச்சேரியை எப்படிப் பார்ப்பது?

ராமகுப்பத்தில் இருக்கும் ஒருவர் சென்னையில் ஒரு கச்சேரிக்குப் போக நினைத்தால் கணக்கு இப்படித்தான் போகும். பஸ் பிடித்துக் குப்பம், அங்கிருந்து ரயில். கச்சேரி முடிய ராத்திரி ஒன்பது, ஒன்பதரை ஆகிவிடும். திரும்பி வீடு சேர மறுநாள்தான். பெங்களூரு பக்கம்தானே என்று போனாலும் லீவு போடாமல் ஆகாது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே டீக்கடையில் புழங்கும் சித்தூர் மாவட்டத்தின் இந்த மூலைக்கு நல்ல இசை பெரும்பாலும் பதிவாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. முன்பு கேசட், இப்போது போன்.

ஆனால் சில கலைஞர்கள் விஷயத்தில் மயிலாப்பூரில் வீடு இருந்தாலும் இதே நிலைதான். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் 2014 செப்டம்பர் 19 அன்று சென்னையில் காலமானார். வயது 45. அடுத்த எட்டு மாதத்தில், 2015 மே 14 அன்று, அமெரிக்காவின் ப்ளூஸ் கிடார் மேதை பி.பி. கிங் தன் 89வது வயதில் மறைந்தார். இனி இந்த இருவரையும் யார் கேட்டாலும் பதிவில்தான் கேட்க வேண்டும். அதனால் பதிவைப் பார்க்கத் தெரிந்திருப்பது முக்கியம். அது தானாக வந்துவிடாது, கொஞ்சம் பழகிக்கொள்ள வேண்டும்.

இவர்கள் இரண்டு பேரை ஏன் சேர்த்துப் பேச வேண்டும் என்று கேட்கிறீர்களா? இருவர் கையிலும் இருந்தது மெட்டு வைத்த கருவி. கழுத்துப் பலகையில் கம்பிகளை வரிசையாகப் பதித்து, "இது ஸ, இது ரி" என்று முன்கூட்டியே இடம் பிரித்துவிட்ட கருவி. மனிதக் குரல் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குப் படியேறிப் போவதில்லை, வழுக்கிக்கொண்டு போகும். படிக்கட்டை வைத்துக்கொண்டு எப்படி வழுக்குவது? இருவரும் வாழ்நாளெல்லாம் இதற்குத்தான் வழி தேடினார்கள். அந்த வழி விரல்களில் இருக்கிறது. காதால் கேட்டால் பாதி புரியும், கண்ணால் பார்த்தால்தான் மீதி.

முதலில், ப்ளூஸ் என்றால் என்ன?

அமெரிக்காவின் தெற்குப் பகுதியில், பருத்திக் காட்டு வேலையிலும் அடிமை வாழ்வின் நீட்சியிலும் இருந்த கறுப்பின மக்களிடமிருந்து வந்த இசை. இதன் கட்டமைப்பு ரொம்ப எளிமை. பாடகர் ஒரு வரி பாடுவார், அதையே மறுபடி பாடுவார், மூன்றாவது வரியில் அதற்கு ஒரு பதில் வரும். மொத்தம் 12 பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு தட்டு. ஆக 48 தட்டு. நம்ம ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனத்துக்கு எட்டு. ஆறு ஆவர்த்தனம் போட்டால் சரியாக ஒரு சுற்று முடியும்! தொடையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டே ஒரு ப்ளூஸ் பாட்டைக் கேட்டுப் பாருங்கள். எடுத்த இடத்தில் வந்து உட்காரும்.

கிடாரில் அதிகம் புழங்கும் ஐந்து ஸ்வரங்களும் உங்களுக்குப் பழக்கமானவையே. ஸ, சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், ப, கைசிகி நிஷாதம். கர்நாடக இசையில் இது சுத்த தன்யாசி. உடனே "ப்ளூஸும் நம்ம ராகமும் ஒன்றுதான்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். ஸ்வர வரிசை ஒன்றானாலும் பிடி வேறு. ப்ளூஸ்காரர் காந்தாரத்தை மேலே தள்ளி, சாதாரணத்துக்கும் அந்தரத்துக்கும் நடுவில், இரண்டிலும் சேராத ஒரு இடத்தில் நிறுத்துவார். அந்த இசையின் வலியே அந்த இடத்தில்தான் இருக்கிறது.

பி.பி. கிங்கைப் பார்க்கும்போது எதைக் கவனிப்பது?

இடது கையை. ஒரு ஸ்வரத்தைப் பிடித்ததும் கட்டைவிரல் கழுத்திலிருந்து விலகிவிடும். மணிக்கட்டிலிருந்து கை முழுவதும் வண்ணத்துப்பூச்சி சிறகடிப்பதுபோல அதிரும். இதற்குப் பின்னால் ஒரு இயலாமை உண்டு. அவருடைய தாய்வழி உறவினர் புக்கா ஒயிட், விரலில் குழல் மாட்டிக் கம்பிமேல் வழுக்கி வாசிப்பவர். அந்த வித்தை கிங்குக்குக் கைவரவில்லை. அந்த ஓசையை வெறும் விரலை அசைத்தே கொண்டுவர முயன்றதில் பிறந்ததுதான் இந்த அதிர்வு என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

அடுத்து, வாயும் கையும். பாடும்போது கிடாரைத் தொடமாட்டார், கிடார் பேசும்போது பாடமாட்டார். நம் கச்சேரியில் பாடகர் ஒரு சங்கதியை விட்டதும் வயலின்காரர் எடுத்துப் பதில் சொல்வாரே, அது மாதிரி. இங்கே பாடகரும் வயலின்காரரும் ஒரே ஆள்.

மூன்றாவது, கூட்டம். பதிவான கச்சேரியில் பலரும் சத்தம் என்று ஒதுக்குவது இதைத்தான், உண்மையில் பாதி இசை இதில்தான் இருக்கிறது. 1964 நவம்பர் 21 அன்று சிகாகோவின் ரீகல் அரங்கில் பதிவான கிங்கின் கச்சேரியில் கேட்டவர்கள் அவருடைய சொந்த ஜனம். ஒரு கம்பியை அவர் வளைக்கத் தொடங்கும்போதே கத்துகிறார்கள், அது எங்கே போய் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். (இது ஒலிப்பதிவு மட்டும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2005ல் தன் தேசியப் பதிவுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.) 1970 செப்டம்பர் 10 அன்று அதே ஊரின் குக் கவுன்டி சிறையில் வாசித்தபோது எதிரே 2,000க்கும் மேற்பட்ட கைதிகள். தொடக்கத்தில் அதிகாரிகளின் பெயர்களை அறிவித்ததும் கைதிகள் 'ஊ' என்று கூச்சல் போடுவது பதிவிலேயே இருக்கிறது. வெட்டி எறியாமல் விட்டார்கள், நல்ல காரியம். அந்தக் கூச்சலைக் கேட்ட பிறகு முதல் பாட்டைக் கேட்டால் அவர் எப்பேர்ப்பட்ட கூட்டத்தை வளைக்க வேண்டியிருந்தது என்பது புரியும்.

படமாகப் பார்க்க வேண்டுமென்றால் 1974 கின்ஷாசா கச்சேரியில் தொடங்குங்கள். முகமது அலி, ஜார்ஜ் ஃபோர்மன் குத்துச்சண்டையை ஒட்டி ஆப்பிரிக்காவின் ஜயர் நாட்டில் நடந்த இசைவிழா அது. ஃபோர்மனுக்குப் பயிற்சியில் காயம்பட்டுச் சண்டை தள்ளிப்போனது, விழா மட்டும் குறித்தபடி நடந்தது. ஆங்கிலம் தாய்மொழி இல்லாத கூட்டம். பாட்டின் வார்த்தை புரியாதவர்களிடம் கிடாரை வைத்து எப்படிப் பேசுகிறார் என்று பாருங்கள். நீங்களும் அங்கே அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான்.

சரி, இதில் நம்ம ஆள் எங்கே வருகிறார்?

நடுவில் ஒரு பாலம் இருக்கிறது. இங்கிலாந்தில் 1942ல் பிறந்த ஜான் மெக்லாலின், சிறுவயதில் அண்ணன்மார் வாங்கிவந்த ப்ளூஸ் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கிடாருக்கு வந்தவர். 1970களில் எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் 'சக்தி' குழுவைத் தொடங்கினார். அவர்களின் முதல் ஆல்பமே 1975 ஜூலை 5 அன்று அமெரிக்காவில் நடந்த கச்சேரியின் பதிவுதான். அதற்காக அவர் செய்வித்த கிடாரில் மெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கியிருந்தார்கள். வீணையில் மெட்டுகள் மெழுகுமேல் உயர்ந்து நிற்பதால் கம்பியை இழுக்க இடம் கிடைக்கிறது இல்லையா, அதே சௌகரியம் கிடாரிலும் வேண்டுமென்று.

1990களின் கடைசியில் 'ரிமெம்பர் சக்தி' என்று அந்தக் குழு திரும்ப வந்தபோது மெக்லாலின் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஸ்ரீநிவாஸ். மேற்கு கோதாவரி மாவட்டம் பாலக்கொல்லுவில் 1969ல் பிறந்தவர். 1978ல் குடிவாடாவில் தியாகராஜ ஆராதனையில் அரங்கேற்றம். 1983ல், பதினான்கு வயதில், பெர்லின் ஜாஸ் விழாவில் வாசித்தார். குரு ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பையன் அதைக் கருவியில் தேடிப் பிடிப்பான். அந்த வாசிப்பு பாட்டாகவே ஒலிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கருவியிலும் கைவைத்தார். மாண்டலினில் வழக்கமாக இரண்டிரண்டு ஜோடியாக எட்டுக் கம்பி. ஜோடிக் கம்பியைச் சேர்த்து வளைப்பது சிரமம், ஓசையும் சட்டென்று செத்துவிடும். அவர் ஒற்றைக் கம்பிகளாக ஐந்து வைத்தார், மின்சார மாண்டலினுக்கு மாறினார். மீட்டிய ஒலி நின்று பேசத் தொடங்கியது. பி.பி. கிங்குக்கு ஆம்ப்ளிஃபையர் செய்த அதே உதவி.

அவர் பதிவைப் போட்டதும் முதலில் ராக ஆலாபனைக்குப் போங்கள். தாளம் இல்லாத பகுதி என்பதால் கை தெளிவாகத் தெரியும். வலது கை ஒருமுறை மீட்டும், இடது கை அந்த ஒரே மீட்டலில் நான்கைந்து ஸ்வரம் வழுக்கிப் போய்வரும். வேகத்தைப் பார்த்துப் பிரமித்துப் பெரும்பாலானவர்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கென்னவோ வேகம் அவருடைய இரண்டாவது சிறப்புதான். மெதுவான இடங்களில் ஒரு விரல் எங்கே நிற்காமல் தவிர்க்கிறது என்பதில்தான் அவர் இருக்கிறார். ரிமெம்பர் சக்தி படங்களில் மெக்லாலினும் அவரும் மாறி மாறி வாசிக்கும் கட்டத்தைப் பாருங்கள். எட்டு ஆவர்த்தனத்தில் தொடங்கிய உரையாடல் நான்கு, இரண்டு, ஒன்று என்று சுருங்கும். அப்போது வாசிப்பவரை விட்டுவிட்டு, கேட்டுக்கொண்டிருப்பவர் முகத்தைப் பார்க்கணும். அடுத்த பதில் அங்கேதான் உருவாகிறது.

கேமரா காட்டாதது என்ன?

நிறைய. பன்னிரண்டு கேமரா வைத்து எடுத்த விழாப் பதிவுகளில் நான்கு விநாடிக்கு ஒரு வெட்டு. கை ஒரு சங்கதியை ஆரம்பிக்கும், முடிவதற்குள் விளக்கு வெளிச்சத்தைக் காட்டப் போய்விடுவார்கள். இதைவிட ஒரே இடத்தில் அசையாமல் நின்ற பழைய கேமரா எவ்வளவோ மேல். சலிப்பாகத் தெரியும், ஆனால் எதையும் ஒளிக்காது. திருமலையில் நாத நீராஜன மண்டபத்தில் நடக்கும் நிகழ்ச்சிகளை எஸ்.வி.பி.சி. சேனல் நேரலையாகத் தருகிறது. திருப்பதிப் பக்கத்து வீடுகளில் சாயங்காலம் சும்மா ஓடிக்கொண்டிருக்கும். கச்சேரி பார்க்கக் கண்ணைப் பழக்க இது நல்ல இடம்.

ஒலியிலும் இதே கதை. மேடை ஒலிக்கருவியிலிருந்து நேராக எடுத்த பதிவில் வாத்தியம் பளிச்சென்று இருக்கும், சபை ஊமையாகிவிடும். ரசிகர் மடியில் டேப் ரெக்கார்டர் வைத்து எடுத்ததில் இருமல், நாற்காலி இழுப்பு எல்லாம் விழும். ஆனால் "பலே" எந்த இடத்தில் விழுந்தது என்பதும் தெரியும். போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீங்க. மிருதங்கத்தின் இடப்பக்கமும் தவிலின் கனமும் அதில் வரவே வராது. ஸ்ரீநிவாஸின் பல கச்சேரிகளில் மிருதங்கத்தோடு தவிலும் உண்டு. அது கேட்காவிட்டால் அவர் எதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றே தெரியாது. இருநூறு ரூபாய் இயர்போன் போதும். ரீல்ஸில் வரும் நாற்பது விநாடித் துண்டு அறிமுகத்துக்குச் சரி, கச்சேரி ஆகாது. ஒரு சங்கதிக்குக் கைதட்டல் விழுவது அதற்கு முந்தைய இருபது நிமிடத்தால்.

வீட்டில் பழைய கேசட் இருக்கிறது. யூடியூபில் ஏற்றலாமா?

பலரும் கேட்கும் கேள்வி. தியாகராஜர் 1847ல் மறைந்தார், அவருடைய கீர்த்தனைக்கு இன்று காப்புரிமை கிடையாது. ஆனால் அதை ஒருவர் மேடையில் வாசித்த வாசிப்பு அவருடையது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 38, இதைக் கலைஞர் உரிமை என்கிறது. நிகழ்ச்சி நடந்ததற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 50 ஆண்டு. 2000ல் நடந்த கச்சேரி என்றால் 2050 முடியும்வரை. கம்பெனி வெளியிட்ட ஒலிப்பதிவுக்குத் தனியாக 60 ஆண்டு. சொந்தமாகக் கேட்கவும், பாடம் நடத்தவும், ஆய்வுக்கும் பதிவு செய்துகொள்வதைப் பிரிவு 39 அனுமதிக்கிறது. பொதுவெளியில் ஏற்றுவது வேறு விஷயம். கலைஞர் இல்லையென்றால் குடும்பத்தின் அனுமதி வேண்டும்.

ஏற்றுவதா வேண்டாமா என்பதைப் பிறகு பார்க்கலாம். கேசட் அதுவரை காத்திருக்காது. நம்ம ஊர் வெக்கையிலும் மழைக்கால ஈரத்திலும் நாடாவில் பூஞ்சை பிடிக்கும், காந்தப்பூச்சு உதிரும். 45 வயதில் போன ஒருவரின் ஏதோ ஒரு ஊர்த் திருவிழாக் கச்சேரி உங்கள் தாத்தாவின் பெட்டியில் மட்டுமே இருக்கலாம். முதலில் கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்ன பிளாஸ்டிக் நாக்குகளை உடைத்துவிடுங்கள், தவறி வேறு எதுவும் பதிவாகாது. நாடாவில் வெள்ளையாகப் புள்ளி தெரிந்தால் ஓட்டாதீர்கள், தெரிந்தவரிடம் கொடுங்கள். சுத்தமாக இருந்தால் பிளேயரின் ஹெட்டைத் துடைத்துவிட்டு, ஒரே ஓட்டத்தில், சுருக்காத வேவ் கோப்பாகக் கணினியில் ஏற்றுங்கள். இரைச்சலை நீக்குகிறேன் என்று மூலக்கோப்பில் கைவைக்க வேண்டாம். அந்த வேலையை நகலில் செய்யுங்கள்.

அட்டையில் பேனாவால் எழுதியிருப்பதையும் போட்டோ எடுத்து அதே ஃபோல்டரில் வையுங்கள். எந்த ஊர், என்ன தேதி, பக்கவாத்தியம் யார் யார். எழுதியிருக்கவில்லை என்றால், அந்தக் கச்சேரிக்குப் போன பெரியவர் வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.