எடையும் இறக்கையும்

இறக்கை பெரிதாக இருக்க வேண்டும், எஞ்சின் வலிவுடையதாக இருக்க வேண்டும். இவ்விரண்டும் அமைந்துவிட்டால் மனிதன் பறந்துவிடலாம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். மேலே எழுவதற்கு அவை போதும். எழுந்தபின் நிலைத்து நிற்பதற்கு மூன்றாவதாக ஒன்று வேண்டும். விமானத்தின் எடை முழுவதும் எந்தப் புள்ளியில் திரண்டு நிற்கிறதோ, அந்தப் புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். அதையே ஈர்ப்பு மையம் என்கிறோம். தன் கையாலேயே சிறு விமானம் செய்து பறக்க முனைந்தவர்களின் வரலாறு, பெரும்பகுதி, இந்த ஒரு புள்ளியைத் தேடிய வரலாறுதான். தேடிக் கண்டவர் வாழ்ந்தனர்; தேடாதவர் மாண்டனர்.

எய்யும் அம்பைப் பாருங்கள். தலைப்பக்கம் கனம், வால்பக்கம் இறகு. அதனாலன்றோ அது நேரே செல்கிறது! கனத்தை வாலுக்கு மாற்றிவிட்டு எய்தால், அம்பு தலைகீழாகப் புரளும். விமானமும் அவ்வாறே. எடையின் மையம் முன்னே மிகுதியாகச் சென்றால் மூக்கு தூக்க இயலாத சுமையாகிவிடும். பின்னே சென்றால், காற்று சற்றே மூக்கைத் தூக்கினாலும் அது மேலும் மேலும் தூக்கிக்கொண்டே போகும். முன்னது தொல்லை, பின்னது சாவு.

ஜெர்மனியின் ஓட்டோ லிலியன்தால் 1891 முதல் குன்றுகளிலிருந்து காற்றில் மிதந்து இறங்கிப் பழகியவர். ஏறத்தாழ 2000 முறை மிதந்திருக்கிறார். அவருடைய மிதவையில் திருப்புவதற்குக் கருவி எதுவுமில்லை, உடலே கருவி. கைகளால் சட்டத்தைப் பற்றித் தொங்கியபடி, கால்களை முன்னும் பின்னும் வீசி, எடையின் மையத்தை நகர்த்துவார். நம் ஊரில் அக்காலத்தில் ஏற்றம் இறைத்தவர் துலாவின்மீது முன்னும் பின்னும் நடந்து சாலை இறக்கி ஏற்றினாரே, அதே முறை. ஆனால் துலாவின் மேல் நடந்தவருக்கு நீண்ட மரம் இருந்தது. லிலியன்தாலுக்கு இருந்தது கால் வீசும் தொலைவு மட்டுமே. 1896 ஆகஸ்ட் 9-ஆம் நாள் ஸ்டோலன் என்னும் ஊருக்கருகே மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. கால்களை முன்னே வீசியும் அது இறங்கவில்லை. சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து, முதுகெலும்பு முறிந்து, மறுநாள் உயிர் நீத்தார்.

அந்தச் சாவுச் செய்தியே அமெரிக்காவில் டேட்டன் நகரத்து மிதிவண்டி வினைஞர் இருவரைப் பறக்கும் கலைபற்றி எண்ணத் தூண்டியது. வில்பர் ரைட், ஆர்வில் ரைட் என்னும் அந்த உடன்பிறந்தார், உடலை அசைத்து விமானத்தை ஆளமுடியாது என்று தெளிந்தனர். மூக்கை ஏற்றி இறக்க ஒரு சிறு தளத்தை முன்னால் வைத்தனர். 1903 டிசம்பர் 17-இல் அவர்களது பொறி எழுந்து 12 நொடி பறந்ததை அனைவரும் அறிவோம். பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. விமானி இடப்பக்கம் படுத்திருக்க, எஞ்சின் வலப்பக்கம் இருந்தது. எஞ்சின் மனிதனைவிடக் கனம். ஆகவே வலப்பக்க இறக்கையை ஏறத்தாழ 4 அங்குலம் நீளமாகவே செய்தனர். எடை மிகுந்த பக்கத்துக்குத் தாங்கும் சக்தியும் மிகுதி. தச்சுப் பட்டறையில் தீர்ந்த கணக்கு அது.

பக்கவாட்டுக் கணக்கைத் தீர்த்தவர்கள் முன்பின் கணக்கில் திணறினர். 1904-இல் டேட்டன் அருகே ஹஃப்மன் புல்வெளியில் அவர்களுடைய இரண்டாம் விமானம் அலைமேல் ஓடம்போல ஏறியும் இறங்கியும் அலைக்கழித்தது. எடையைப் பின்னால் தள்ளினால் சரியாகும் என்று கருதினர். எஞ்சினையும் விமானியின் இடத்தையும் பின்னே நகர்த்தினர். தொல்லை பெருகிற்று! இருவரும் பிடிவாதக்காரர்தாம், ஆனால் பிடிவாதத்தைத் தம் கருத்தின்மேல் வைக்கவில்லை, சோதனையின்மேல் வைத்தனர். பழைய இடத்துக்கே எல்லாவற்றையும் கொண்டுவந்து, மேற்கொண்டு 70 ராத்தல் இரும்பை முன்பக்கம் கட்டினர். ஒவ்வோர் அவுன்சையும் குறைக்கப் பாடுபட்டவர்கள், வேண்டுமென்றே 70 ராத்தல் இரும்பைச் சுமந்து பறந்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் முழுவட்டம் அடித்தனர். மறு ஆண்டு முன்தளத்தைப் பெரிதாக்கி மேலும் முன்னே தள்ளி வைத்தனர்; 1905 அக்டோபர் 5-இல் 39 நிமிடம், 24 மைல் பறந்தனர்.

விமானம் பின்னர் அரசுகளின் படைக்கலமாயிற்று; செல்வர்களின் ஊர்தியாயிற்று. எளியவனுக்கு வானம் எட்டாப் பொருளாக இருந்த அந்நாளில், பிரான்சு நாட்டில் ஹென்றி மின்யே எழுந்தார். பெட்டி அடிக்கத் தெரிந்தவன் விமானமும் செய்யலாம் என்பது அவர் பரப்பிய கருத்து. 1933-இல் பறந்த அவருடைய 'வானத்துத் தெள்ளுப்பூச்சி' சுமார் 6 மீட்டர் அகல இறக்கையும் 100 கிலோ அளவே வெற்றெடையும் கொண்டது. மோட்டார் சைக்கிள் எஞ்சினே அதற்குப் போதும். முன்னும் பின்னுமாக இரு இறக்கைகள். கோலை இழுத்தால் முன் இறக்கை முழுதும் சாய்வு மாறும். 1934-இல் செய்முறையை நூலாகவே வெளியிட்டார். 1935 ஆகஸ்டில் அதிலேயே ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். கொட்டகைகளிலும் கொல்லைகளிலும் இளைஞர் மரம் இழைக்கத் தொடங்கினர். அறிவைப் பூட்டி வைக்காமல் பொதுவில் வைத்த அம்மனிதரை நாம் பாராட்டாமல் இருக்க முடியாது.

ஆனால் தெள்ளுப்பூச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூக்கைக் கவிழ்த்து நேரே தரையில் பாய்ந்தன. பழகாதவர் செய்த பிழை என்றனர் சிலர். காலம் சரியில்லை என்றவரும் இருந்திருப்பர். பிரான்சும் பிரிட்டனும் அவ்விமானத்தையே காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தன. உண்மை வெளிப்பட்டது. மூக்கு ஓரளவுக்கு மேல் கீழ்நோக்கிச் சாய்ந்துவிட்டால், முன் இறக்கையின் அடியிலிருந்து வரும் காற்று பின் இறக்கையின் தூக்கலை மிகுவிக்கிறது. தூக்கும் விசையின் மையம் எடையின் மையத்துக்குப் பின்னே நழுவிவிடுகிறது. வால் எழுகிறது, மூக்கு மேலும் கவிழ்கிறது. விமானி கோலை முழுவதும் இழுத்தாலும் மீட்சியில்லை. இழுக்க இழுக்கக் கவிழும் விமானத்தில் அமர்ந்திருந்தவனின் நிலையை நினைத்தால் நெஞ்சு நடுங்குகிறது. 1936-இல் இரு நாடுகளும் அதைத் தடுத்து நிறுத்தின. மின்யே அமைப்பைத் திருத்தினார். போன உயிர்கள் திரும்பவில்லை.

இரண்டாம் உலகப்போருக்குப்பின் கைவினை விமானம் மீண்டும் எழுந்தபோது, தராசு பட்டறைக்குள் நுழைந்திருந்தது. 1953-இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் பால் பொபெரெஸ்னி தொடங்கிய சங்கம்போன்றவை, செய்தவனே நிறுக்கவும் கணிக்கவும் கற்பித்தன. முறை எளிது. பறக்கும் நிலையில் விமானத்தை மட்டமாக நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் ஒரு தராசு வைப்பது. மூக்கருகே ஓர் இடத்தைத் தொடக்கமாகக் கொண்டு, ஒவ்வோர் எடையையும் அதன் தொலைவால் பெருக்கிக் கூட்டி, மொத்த எடையால் வகுப்பது. பள்ளிச் சிறுவன் செய்யும் கணக்கு!

செய்தே பார்ப்போம். முன் சக்கரங்கள் இரண்டிலும் சேர்ந்து 220 கிலோ, தொலைவு 100 செண்டிமீட்டர். வால் சக்கரத்தில் 20 கிலோ, தொலைவு 500. மையம் 133-இல் விழுகிறது. 80 கிலோ விமானி 150-இல் அமர்கிறார். 30 கிலோ பெட்ரோல் 70-இல் உள்ள தொட்டியில். 10 கிலோ மூட்டை ஒன்று இருக்கைக்குப் பின்னே 220-இல். இப்போது மையம் 134. இறக்கையின் முன்விளிம்பு 100-இல் தொடங்கி, அகலம் 130 என்றால், மையம் அகலத்தில் 26 விழுக்காட்டில் நிற்கிறது. 30 வரை செல்லலாம் என்று அமைத்தவர் வரம்பிட்டிருந்தால், அச்சமின்றிப் புறப்படலாம். ஆனால் பெட்ரோல் முன்னால் இருக்கிறது. எரிய எரிய முன்பக்கம் இலேசாகிறது. தொட்டி வறண்டு இறங்கும் வேளையில் மையம் 140-க்குப் போய்விடுகிறது. ஏறத்தாழ 31 விழுக்காடு. சரியாகப் புறப்பட்ட விமானம், எவரும் எதையும் நகர்த்தாமலே, வரம்பு தாண்டி இறங்குகிறது. அந்தப் பத்துக் கிலோ மூட்டை இல்லாதிருந்தால் 29-க்குள் நின்றிருக்கும்.

வாலில் பூசும் வண்ணம்கூட இக்கணக்கில் சேரும், தொலைவு மிகுதியல்லவா? அதனால்தான் பழுது பார்த்தபின்பும் வண்ணம் பூசியபின்பும் மீண்டும் நிறுக்கின்றனர்.

1975-இல் அமெரிக்கர் பர்ட் ரூட்டன் வேரிஈஸ் என்னும் விமானத்தைப் பறக்கவிட்டார். ரைட் உடன்பிறந்தாரின் பழைய வழியில் சிறு இறக்கை முன்னால், எஞ்சினோ பின்னால். மனிதன் இறங்கிவிட்டால் எடையின் மையம் பின்னே போய், விமானமே பின்பக்கம் சாய்ந்து அமர்ந்துவிடும். எனவே ஆளில்லாதபோது முன்சக்கரத்தை மடக்கி, மூக்கைத் தரையில் ஊன்றியே அதை நிறுத்துகின்றனர். அவ்வகை விமானத்தில் ஏறுபவர் மெலிந்த உடலினரானால், மூக்கினுள் ஈயக்கட்டி வைத்த பிறகே பறக்கிறார்.