தெற்கே போகும் பாதை – பனிக்குத் தப்பி ஓடினவங்க கதை

வட அமெரிக்காவுல 'ஸ்னோபேர்ட்'னு ஒரு இனம் உண்டு. பறவை இல்லீங்க, மனுஷங்கதான். பெரும்பாலும் ரிட்டயர் ஆனவங்க. மிச்சிகன், ஒஹாயோ, கனடாவின் ஒன்டாரியோ பக்கம் பனி கொட்ட ஆரம்பிச்சதும் வீட்டைப் பூட்டிட்டு, மோட்டார் ஹோம்ல ஏறி, புளோரிடாவுல போய் இறங்கிடுவாங்க. படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் வண்டிக்குள்ளேயே. குளிர் போனதும் திரும்பி வருவாங்க.

இவங்க வருஷா வருஷம் கேட்டுக்கற கேள்வி ஒண்ணுதான். தெற்கே போக எந்த ரோடு பாதுகாப்பு? கேள்வி சின்னது, ஆனா அதுக்கு வயசு நூறுக்கு மேல ஆச்சு. அதைத் தோண்டிப் பார்த்ததுல எனக்குப் பட்டது இதுதான்: ரோடு எங்கே போகணும்னு முடிவு பண்ணினவங்க கணக்கு வேற, அதுல உயிரோட போய்ச் சேரணும்னு நினைச்சவங்க கணக்கு வேற. ரெண்டாவது கணக்கை எப்பவும் பயணிங்களேதான் போட்டுக்கிட்டாங்க.

ரோடு போட்ட மகராசன்

கதை 1914-15ல் ஆரம்பிக்குது. கார்ல் ஃபிஷர்னு ஒருத்தர். கார் விளக்கு வியாபாரத்துல பணம் பார்த்தவர், இண்டியானாபொலிஸ் பந்தய மைதானத்தை உருவாக்கினவங்கள்ல ஒருத்தர். மயாமி பீச்சுல சதுப்பு நிலத்தை மேடாக்கி மனை போட்டு விக்கறார். மனை வாங்க ஆள் வரணுமே? வடக்கே இருக்கற காசுக்காரங்க குளிர்காலத்துல காரோட்டிக்கிட்டு வர ஒரு ரோடு வேணும். பிறந்தது டிக்ஸி ஹைவே.

1915 ஏப்ரல்ல டென்னஸியின் சட்டனூகா நகரத்துல கூட்டம் போட்டாங்க. எங்க ஊர் வழியாத்தான் போகணும்னு ஊருக்கு ஊர் சண்டை. ஒரு ரோடுன்னு ஆரம்பிச்சது கிழக்குப் பாதை, மேற்குப் பாதைன்னு ரெண்டாச்சு. அப்புறம் கிளை, கிளைக்குக் கிளைன்னு கடைசியில 5,000 மைலுக்கு மேல போயிடுச்சு. எந்த மலையில சரிவு குறைவு, எந்த ஆத்துல வெள்ளம் வரும்கறதை விட, எந்த ஊர்க்காரங்க பலமாக் கத்தினாங்கங்கறதுதான் பல இடத்துல வழியைத் தீர்மானிச்சது. (இந்த விஷயத்துல எல்லா நாடும் ஒண்ணுதான் போல!)

இன்னொண்ணையும் சொல்லணும். ஜார்ஜியாவுல இந்த ரோட்டு வேலையில பெரும்பங்கு கைதிகளுடையது. கால்ல சங்கிலியோட மண்ணு வெட்டினவங்க, அதுல ரொம்பப் பேர் கறுப்பினத்தவர். கடற்கரை மனைக்குப் போற வழியோட அஸ்திவாரத்துல அவங்க வேர்வையும் இருக்கு.

தகர டப்பா கோஷ்டி

முதல் உலகப்போர் முடிஞ்சதும் ஃபிஷர் எதிர்பார்த்த காசுக்காரங்களோட, எதிர்பார்க்காத கூட்டம் ஒண்ணும் வந்து சேர்ந்தது. ஃபோர்டு மாடல்-டி வண்டி, பக்கத்துல கட்டின கூடாரம், டப்பாவுல அடைச்ச சாப்பாடு. ஹோட்டலுக்கும் செலவில்லை, சாப்பாட்டுக்கும் செலவில்லை. 1919ல் புளோரிடாவின் டாம்பா நகரத்துல டி சோட்டோ பார்க்ல இவங்க ஒரு சங்கமே ஆரம்பிச்சாங்க. பேரு 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்'. ரேடியேட்டர் மூடி மேல ஒரு தகர டப்பாவைப் பத்த வெச்சிருந்தா அவர் நம்ம ஆளுன்னு அர்த்தம். இன்றைய மோட்டார் ஹோம் கூட்டத்துக்கு இவங்கதான் பாட்டன், பூட்டன்.

அப்ப இருந்த கஷ்டத்தை யோசிங்க. நிறைய வண்டிகளுக்கு மேல துணிக்கூரைதான், பக்கத்துல கண்ணாடி கிடையாது. ரேடியேட்டர் தண்ணி உறையாம இருக்க ஆல்கஹால் கலக்கணும். ரோடு பாதிக்கு மேல மண்ணு. மழை பெஞ்சா அச்சு வரைக்கும் சேறு. அதனால சங்கத்துக்காரங்க முகாம்ல உக்காந்து முதல்ல பேசினது ரோட்டைப் பத்தித்தான். எந்தப் பாலம் போச்சு, எந்த ஏத்தத்துல தள்ளணும், எந்த ஊர்ல நல்ல தண்ணி. ரோட்டுல டப்பா மாட்டின வண்டி நின்னுட்டா, இன்னொரு டப்பா வண்டி நின்னு உதவணும்கறது அவங்க எழுதி வெச்ச தர்மம்.

பாதுகாப்பு... யாருக்கு?

இந்த இடத்துல நான் கொஞ்ச நேரம் நின்னுட்டேன். அதே ரோடு, அதே குளிர்காலம். ஒரு கறுப்பினக் குடும்பம் டெட்ராய்ட்ல இருந்து தெற்கே சொந்த ஊருக்குக் கிளம்பினா அவங்களுக்குப் பனியும் சேறும் ரெண்டாவது பயம்தான். முதல் பயம், ராத்திரி எங்கே தங்கறது? சூரியன் சாஞ்சதும் கறுப்பினத்தவர் இருக்கக்கூடாதுன்னு சொன்ன ஊர்கள் வடக்கேயும் உண்டு, தெற்கேயும் உண்டு.

நியூயார்க் ஹார்லத்துல இருந்த விக்டர் ஹ்யூகோ கிரீன்கற தபால்காரர் 1936ல் ஒரு கையேடு போட்டார். கறுப்பினத்தவருக்கு இடம் தர்ற விடுதி, சாப்பாட்டுக் கடை, பெட்ரோல் பங்க் எல்லாம் ஊர்வாரியாக. அதுதான் 'கிரீன் புக்'. (2018ல் வந்த படத்தோட பேர் இதுல இருந்து வந்ததுதான்.) எஸ்ஸோ பெட்ரோல் பங்குகள்லயும் வித்தது. முதல் பதிப்பு நியூயார்க்கை மட்டும் சொன்னது, போகப் போக நாடு முழுக்கப் பரவினது. 1964ல் சிவில் உரிமைச் சட்டம் வந்து, 1960கள் முடியறதுக்குள்ளே புத்தகமும் நின்னுபோச்சு.

யோசிச்சுப் பார்த்தா டப்பா கோஷ்டி முகாம்ல வாய்வழியாச் செய்ததைத்தான் கிரீன் அச்சில் செய்தார். வித்தியாசம் என்னன்னா, அங்கே தப்பான சேதி வந்தா வண்டி சேத்துல மாட்டும். இங்கே தப்பான சேதி வந்தா உயிரே போகலாம்.

நாலு வரிசையும் மூடுபனியும்

1956ல் ஐசன்ஹோவர் காலத்துச் சட்டத்தோட இன்டர்ஸ்டேட் ரோடுகள் வந்தது. பழைய டிக்ஸி ஹைவேயோட கிழக்குப் பாதைக்கு வாரிசு மாதிரி ஐ-75, கனடா எல்லையில இருந்து புளோரிடா வரைக்கும். 1966ல் அயோவாவின் வின்னபேகோ கம்பெனி மோட்டார் ஹோம் தயாரிக்க ஆரம்பிச்சு, நடுத்தர வர்க்கத்துக்கும் அது கைக்கெட்டியது. இனி கவலை இல்லைன்னு நினைச்சிருப்பாங்க.

1990 டிசம்பர் 11. டென்னஸியின் கால்ஹூன் பக்கத்துல ஐ-75ல் திடீர்னு அடர்ந்த மூடுபனி. 99 வண்டிகள் ஒண்ணோட ஒண்ணு மோதினது. 12 பேர் இறந்தாங்க, 42 பேருக்குக் காயம். பனியே பெய்யலை, ஐஸும் இல்லை, நல்ல அகலமான ரோடு. அதுக்கப்புறம்தான் அங்கே மூடுபனியை மோப்பம் பிடிக்கற கருவி, மாறும் வேக அறிவிப்பு, தேவைப்பட்டா ரோட்டையே மூடற ஏற்பாடு எல்லாம் வந்தது. வர்ஜீனியாவுல ஐ-77, ஃபேன்ஸி கேப் மலை இறக்கத்துலயும் 2013 மார்ச் 31ல் இதே கதை. 95 வண்டி, 3 உயிர்.

சரி, இன்னைக்கு எப்படித் தேர்ந்தெடுக்கறது?

வரைபடத்தைப் பார்த்தா வடகிழக்குல இருந்து வர்றவங்களுக்கு ரெண்டு வழி. கடலோரம் ஐ-95: குளிர் கொஞ்சம் குறைவு, நகர நெரிசல் ஜாஸ்தி. உள்ளே மலைப் பள்ளத்தாக்குல ஐ-81: நெரிசல் குறைவு, பனியும் லாரியும் ஜாஸ்தி. அப்போ கடலோரம்தான் பத்திரம்னு முடிவு பண்ணிடாதீங்க. 2022 ஜனவரி 3ல் வர்ஜீனியாவுல அதே ஐ-95ல் நூற்றுக்கணக்கான வண்டிகள் ராத்திரி முழுக்க உறைஞ்சு நின்னது. முதல்ல மழை பெய்ததால ரோட்டுல முன்கூட்டியே உப்புக் கரைசல் தெளிக்க முடியலை, அப்புறம் அது பனியா மாறிடுச்சு. மாட்டினவங்கள்ல செனட்டர் டிம் கெய்னும் ஒருத்தர். ரெண்டு மணி நேரப் பயணம் 27 மணி நேரம் ஆச்சு அவருக்கு.

ஐ-40ல் பிஜன் ஆத்து மலையிடுக்கைப் பாருங்க. 1997லயும் 2009லயும் பாறை சரிஞ்சு மாசக்கணக்குல மூடினாங்க. 2024 செப்டம்பர்ல ஹெலீன் புயல் ரோட்டையே ஆத்துல இழுத்துட்டுப் போச்சு. 2025 மார்ச்சில் பக்கத்துக்கு ஒரு வரிசையாகத்தான் திறந்தாங்க. போன வருஷம் நல்லா இருந்ததேங்கற பேச்சு ரோட்டுக்குச் செல்லாது.

மோட்டார் ஹோமுக்குன்னு தனிக் கவலைகளும் உண்டு. உசரமான உடம்பு, பக்கக் காத்து தள்ளும். பாலத்துக்குக் கீழேயும் குளிர்காத்து போறதால ரோட்டுக்கு முன்னாடி பாலம்தான் உறையும். நீண்ட இறக்கத்துல பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வராம சின்ன கியர்ல இறங்கணும். பால்டிமோர் சுரங்கப் பாதைகள்ல பெரிய புரொப்பேன் சிலிண்டர் வெச்ச வண்டிக்கு அனுமதி இல்லை. அந்த வண்டிகளுக்கு மாற்று வழியா இருந்த கீ பாலம் 2024 மார்ச் 26ல் கப்பல் மோதி விழுந்துடுச்சு. இப்போ ஊரையே மேற்குப் பக்கமாச் சுத்திக்கிட்டுப் போகணும்.

ஆக, 'எந்த ரோடு?'ங்கற கேள்வியை விட 'எந்த நாள்?'ங்கற கேள்விதான் பெரிசுன்னு தோணுது. டப்பா கோஷ்டிக்கு முகாம் அரட்டை, கிரீனுக்குப் புத்தகம், இப்போ 511க்குப் போன் போட்டா பல மாநிலங்கள்ல ரோட்டு நிலவரம் கிடைக்குது. சேதி சொல்றவன் மாறினான், சேதியோட மதிப்பு மாறலை. அதைக் கேட்டு ஒரு நாள் தங்கிட்டுப் போற பொறுமைதான் பாக்கி. வீடே வண்டியில இருக்கு, அப்புறம் என்ன அவசரம்? பதறாத காரியம் சிதறாதுன்னு நம்ம பெரியவங்க சும்மாவா சொன்னாங்க :-)